குழந்தை யாரைப் பார்க்கிறது, எதைப் பார்க்கிறது? முன்மாதிரிகள் வேலை செய்யும் விதம்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அவர் படித்த பள்ளியின் மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அவருடைய தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் பல வாரங்கள் தமிழ்நாட்டில் நடந்த விவாதத்தில் மூன்று குரல்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. "அரிவாள் தூக்குபவனைக் கதாநாயகனாகக் காட்டினால் பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்?" என்றது ஒரு குரல். "படம் பார்த்து யாரும் கெட்டுப்போவதில்லை" என்றது இன்னொன்று. "இந்தத் தலைமுறைக்கு நல்ல முன்மாதிரி இல்லை, தலைவர்களின் வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள்" என்றது மூன்றாவது.

மூன்றும் ஒன்றுக்கொன்று எதிராகத் தெரிந்தாலும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன: குழந்தை ஒருவரைப் பார்த்தால் அவரைப் போலச் செய்யும், அல்லது செய்யாது. குழந்தைகள் பிறரைப் பார்த்துக் கற்பதைப் பற்றி 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவை காட்டும் சித்திரம் வேறு. குழந்தை ஓர் ஆளை மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஆளை ஊர் எப்படி நடத்துகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முன்மாதிரி பற்றிய எந்த விவாதமும் விளங்காது.

## முன்மாதிரி செய்யும் மூன்று வேலைகள்

ஒருவருடைய நடத்தையைப் பார்த்து இன்னொருவர் தன் நடத்தையையோ விருப்பத்தையோ அமைத்துக்கொண்டால், முதலாமவர் முன்மாதிரி. அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தான் முன்மாதிரியாக இருப்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்த உறவுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன:

1. செயலைக் கற்றுத்தருவது. செருப்புக்கு வார் போடுவதில் தொடங்கி வசவுச் சொல் வரைக்கும் பிள்ளைகள் பார்த்தும் கேட்டும்தான் கற்கிறார்கள்.

2. விளைவைக் காட்டுவது. இதைச் செய்தால் பாராட்டு வருமா, அடி விழுமா, யாரும் கண்டுகொள்ள மாட்டார்களா என்பதைத் தன் தோலில் அனுபவிக்காமலே குழந்தை தெரிந்துகொள்கிறது.

3. எல்லையை நகர்த்துவது. 'நம்மைப் போன்றவர்கள் இதுவரைக்கும்தான் போகலாம்' என்று ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் ஒருவரைப் பார்த்தால் கோடு கொஞ்சம் தள்ளிப்போகிறது.

சினிமா பற்றிய சண்டை முழுக்க முதல் வேலையைப் பற்றியது. பிள்ளைகளின் வாழ்க்கையை நீண்ட காலத்துக்குத் தீர்மானிப்பவை மற்ற இரண்டும்.

## பொம்மையை அடித்த பெரியவர்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா (1925–2021) அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தி 1961இல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. பல்கலைக்கழக மழலையர் பள்ளியிலிருந்து 72 குழந்தைகள், ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவர்கள். ஒரு பிரிவினர் முன்னால் ஒரு பெரியவர், நம் தஞ்சாவூர்ப் பொம்மைபோலச் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும் காற்றடைத்த பொம்மை ஒன்றைக் குத்தினார், உதைத்தார், மரச் சுத்தியலால் அடித்தார், கூடவே சில சொற்களைக் கத்தினார். இன்னொரு பிரிவினர் முன்னால் பெரியவர் பொம்மையைச் சட்டை செய்யாமல் வேறு விளையாட்டில் இருந்தார். மூன்றாவது பிரிவினர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு குழந்தைகளைத் தனியாக விட்டபோது, அடித்ததைப் பார்த்தவர்கள் அதே அடிகளையும் அதே சொற்களையும் திருப்பிச் செய்தார்கள். மற்றவர்களிடம் அது மிக அரிதாகவே தென்பட்டது.

இந்தச் சோதனையோடு நின்றுவிடுகிறவர்கள் 'பார்த்தால் செய்வார்கள்' என்ற முடிவுக்கு வருகிறார்கள். அது அவசர முடிவு. அடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொம்மை அது. பார்த்ததற்கும் செய்ததற்கும் இடையே சில நிமிடங்களே கழிந்திருந்தன.

பண்டூரா 1965இல் வெளியிட்ட அடுத்த சோதனை இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. இம்முறை குழந்தைகள் பார்த்தது ஒரு குறும்படம். அடிக்கும் காட்சி எல்லோருக்கும் ஒன்றுதான், முடிவு மட்டும் மூன்று விதம். ஒன்றில் பொம்மையை அடித்தவருக்குத் தின்பண்டமும் பாராட்டும் கிடைக்கின்றன. ஒன்றில் திட்டும் தண்டனையும். ஒன்றில் எதுவும் நடப்பதில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், "படத்தில் அவர் செய்ததை நீ செய்துகாட்டு, பரிசு தருகிறேன்" என்று சொன்னவுடன் மூன்று பிரிவுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்துகாட்டினார்கள்.

அதாவது, கற்பது வேறு, கற்றதை வெளியே எடுப்பது வேறு. எல்லோரும் கற்றிருந்தார்கள். எடுக்கலாமா வேண்டாமா என்பதை, முன்மாதிரிக்கு நேர்ந்ததைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

நாங்குநேரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அரிவாளைத் திரையில் பார்க்காத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் வெட்டுவதில்லை. வெட்டியவனை ஊரும் உறவும் சாதிச் சங்கமும் எப்படி நடத்துகின்றன, அவன் வெட்கப்பட வேண்டியவனா, அல்லது பிளெக்ஸில் படம் போட வேண்டியவனா என்பதைப் பிள்ளை தன் தெருவிலேயே பார்க்கிறது. திரையில் வருவது செயல். விளைவு பற்றிய பாடம் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. திரைக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

## கைக்குழந்தையும் யோசித்துத்தான் பின்பற்றுகிறது

2002இல் வெளியான ஒரு சோதனையில், மேசையில் இருந்த விளக்கை ஒரு பெண் நெற்றியால் தொட்டு எரியவைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவை 14 மாதக் குழந்தைகள். அவருடைய கைகள் சும்மா இருந்தபோதும் அவர் நெற்றியைப் பயன்படுத்தினால், 69 விழுக்காடு குழந்தைகள் தாங்களும் நெற்றியால் தொட்டார்கள். குளிருக்குப் போர்த்திய போர்வையைக் கைகள் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் அதையே செய்தால், 21 விழுக்காட்டினர் மட்டுமே நெற்றியைப் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் கையால் தட்டினார்கள். 'கை இருந்தும் நெற்றியால் செய்கிறாரே, காரணம் இருக்கும்' என்பது போன்ற கணக்கு அந்த வயதிலேயே ஓடுகிறது.

2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரு பெரியவர் ஒரு பொம்மையை டப்பாவிலிருந்து எடுக்கச் சிரமப்பட்டு, பல முறை முயன்று, கடைசியில் எடுத்தார். இன்னொரு பிரிவினர் முன்னால் எளிதாக எடுத்துவிட்டார். பிறகு 15 மாதக் குழந்தைகளிடம் பெரிய பொத்தான் கொண்ட இசைப் பொம்மை ஒன்று தரப்பட்டது, அந்தப் பொத்தான் வேலை செய்யாது. சிரமப்பட்டதைப் பார்த்த குழந்தைகள் அதிக முறை அழுத்திப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பெரியவரின் கை அசைவை அல்ல, ஏனென்றால் இந்தப் பொம்மையே வேறு. 'முயன்றால் கிடைக்கும்' என்பதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பெற்றோருக்கு உறைக்க வேண்டிய முடிவு 1970இல் வெளிவந்தது. ஒரு விளையாட்டில் வென்றதில் கொஞ்சத்தை ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு. முன்மாதிரியாக வந்தவர்களில் சிலர் "கொடுப்பது நல்லது" என்று சொன்னார்கள், கொடுக்கவில்லை. சிலர் "எதற்குக் கொடுப்பது" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். கொடுப்பதில் குழந்தைகள் முன்மாதிரியின் செயலைப் பின்பற்றினார்கள். பிறருக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டபோதோ முன்மாதிரியின் பேச்சைப் பின்பற்றினார்கள். உபதேசம் வீணாகவில்லை, அது பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யக் கற்றுக்கொடுத்தது. கைப்பேசியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, "கைப்பேசியை வை, புத்தகத்தை எடு" என்று சொல்லும் வீடுகளில் நடப்பதும் இதுதான்.

## பீர்பூம்: ஊரே சோதனைக்கூடமான கதை

இவையெல்லாம் அறைக்குள் நடந்தவை. உண்மையான ஊரில், உண்மையான பிள்ளைகளின் வாழ்க்கையில், முன்மாதிரி மட்டுமே எவ்வளவு மாற்றம் கொண்டுவரும் என்று அளப்பது கடினம். படித்த பெண்கள் நிறைந்த ஊரில் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், காரணம் முன்மாதிரியா, ஊரின் வசதியா, நல்ல பள்ளியா? பிரிக்க முடியாது. யாருக்கு எந்த முன்மாதிரி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தால்தான் பிரிக்க முடியும். அப்படி யார் செய்வார்கள்?

இந்திய அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம், தன்னை அறியாமலே, அதைச் செய்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம் உள்ளாட்சித் தலைமைப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மேற்கு வங்கத்தில் 1998 தேர்தல் முதல் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு இது நடைமுறையானது. எந்தப் பஞ்சாயத்து பெண்களுக்கு என்பதை அதிகாரிகள் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது, வரிசை எண்ணை வைத்துக் குலுக்கல்போல முடிவானது. இப்படியாக, எல்லா விதத்திலும் ஒன்றுபோல இருந்த ஊர்களில் சிலவற்றுக்குப் பெண் தலைவர் ஒரு முறையும், சிலவற்றுக்கு 1998, 2003 என அடுத்தடுத்து இரண்டு முறையும் வாய்த்தார்கள். சிலவற்றுக்கு ஒரு முறைகூட ஒதுக்கீடு வரவில்லை.

லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகிய நான்கு பொருளியலாளர்கள் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில், 11 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் 8,453 நேர்காணல்களை எடுத்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்ணை எதுவரை படிக்கவைக்க ஆசை, எத்தனை வயதில் கல்யாணம், வளர்ந்ததும் என்ன வேலை, பஞ்சாயத்துத் தலைவராக விருப்பமா என்பது போன்றவைதான் கேள்விகள்.

ஆசைகளில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இருந்த இடைவெளி, இரண்டு முறை பெண் தலைவர் இருந்த ஊர்களின் பிள்ளைகளிடம் 32 விழுக்காடு குறைந்திருந்தது. பெற்றோரிடமும் குறைந்திருந்தது. படிப்பில் ஆண்-பெண் இடைவெளியே மறைந்திருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்திருந்தது. அந்த ஊர்களில் இளம் பெண்களுக்குப் புதிய வேலைவாய்ப்பு எதுவும் வந்துவிடவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். வாய்ப்பு மாறவில்லை, ஆசை மாறியது, படிப்பு மாறியது.

ஒரு நியாயமான சந்தேகம் எழலாம். பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செலவிடுகிறார்கள் என்று 2004இல் வெளியான இன்னோர் ஆய்வு மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் கண்டது. குழாய் வந்ததால் குடம் சுமக்கும் நேரம் மிஞ்சி, அதனால் பெண்கள் படித்திருக்கலாமே? ஓரளவு இருக்கலாம். ஆனால் என் மகள் பட்டம் படிக்க வேண்டும் என்று ஒரு தகப்பனை ஆசைப்படவைக்கக் குழாயால் முடியாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெண் தலைவர் ஒரே முறை இருந்த ஊர்களில் இந்த அளவுக்கு மாற்றம் இல்லை. ஏன் இரண்டு முறை வேண்டியிருந்தது? இதே குழுவினர் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் விடை கிடைக்கிறது. ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைமையோடு பழகிய ஊர்களில் இந்தப் பாரபட்சம் தணிந்திருந்தது. முதல் முறை வரும் பெண் தலைவரை ஊர் சந்தேகத்தோடு பார்க்கிறது, கணவர்தான் நடத்துகிறார் என்று பேசுகிறது, பல இடங்களில் அது உண்மையும்கூட. அந்தப் பேச்சைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பதவி கிடைத்ததை மட்டும் பார்த்தால் போதாது, பதவியில் இருப்பவரை ஊர் மதிக்கப் பழகுவதைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலும் இதே வடிவம் தெரிகிறது. 1980களின் பிற்பகுதியில் அங்கே ஒரு கல்விச் சோதனைக்காகக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகள், பிற்காலத்தில் பள்ளியை முடிப்பது 13 விழுக்காடும் கல்லூரியில் சேர்வது 19 விழுக்காடும் கூடியிருந்தது. தினமும் கண்முன் நிற்கும், தன்னைப் போன்ற ஒருவர்.

## அதே ஏற்பாடு தலைகீழாக

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் எடுத்த ஒரு புகைப்படம் தமிழ்நாட்டையே தலைகுனியவைத்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் பஞ்சாயத்துத் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு பட்டியல் சாதிப் பெண் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். பிறகு மாவட்ட ஆட்சியர் தலையிட்டு அவரைக் கொடியேற்ற வைத்தார்.

சட்டப்படி இந்த ஊர்களுக்கும் பீர்பூமுக்கும் வித்தியாசம் இல்லை. ஒதுக்கீடு இருந்தது, தேர்தல் நடந்தது, பெண் தலைவர் வந்தார். ஆனால் 1965 சோதனையின் மூன்று முடிவுகளில் எதை இந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள்? கோட்டைத் தாண்டினால் தரையில் உட்காரவைப்பார்கள் என்பதை. அந்தத் தலைவரின் சாதிப் பிள்ளைகள் ஒன்றைக் கற்றார்கள், நாற்காலியில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னொன்றைக் கற்றார்கள். இந்த இரண்டாவது பாடம்தான் சில ஆண்டுகள் கழித்துப் பள்ளி வளாகத்தில் வெளிப்படுகிறது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. சரியான பரிந்துரைதான். ஆனால் கயிறு பள்ளியில் முளைப்பதில்லை.

## தூரத்து நட்சத்திரங்கள்

அப்படியானால் நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், விஞ்ஞானிகள் ஆகியோரின் பாதிப்பு?

தீமைப் பக்கத்தில் மிக வலுவான சான்று புகைபிடித்தலுக்கு இருக்கிறது. திரைப்படங்களில் வரும் புகைபிடிக்கும் காட்சிகளுக்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண-விளைவுத் தொடர்பு உண்டு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை முடிவு செய்தது. இங்கும் இரண்டாவது வேலையைப் பாருங்கள்: திரையில் புகைப்பவருக்கு இருமல் வருவதில்லை, கைதட்டல் வருகிறது. நம் திரையரங்குகளில் காட்டப்படும் எச்சரிக்கை வாசகம் அந்த விடுபட்ட விளைவை ஈடுகட்டப் பார்க்கிறது. கைதட்டல் ஓய்வதற்குள் ஒரு மூலையில் வரும் சிறிய எழுத்து அதற்குப் போதுமானதில்லை.

நன்மைப் பக்கத்தில் நிலைமை சிக்கலானது. எட்டாத உயரத்தில் இருப்பவர் ஊக்கம் தராமல் சோர்வைத் தரலாம். கனடாவில் கணக்கியல் மாணவர்களிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், மிகச் சிறந்த மூத்த மாணவர் ஒருவரைப் பற்றிப் படித்தபோது முதலாண்டு மாணவர்கள் உற்சாகம் அடைந்தார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை, அவர்களுக்கு அந்த உயரத்தை எட்ட நேரம் முடிந்துவிட்டது.

நியூயார்க்கில் 402 மாணவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு (2016) நம் பாடநூல் எழுதுகிறவர்கள் படிக்க வேண்டியது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படித்தவர்களைவிட, அவர்கள் தோற்றதையும் தடுமாறியதையும் படித்தவர்கள் பின்னர் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். ஏற்கெனவே பின்தங்கியிருந்த மாணவர்களுக்கு இதனால் கிடைத்த பலன் இன்னும் அதிகம்.

அப்துல் கலாமின் படம் இல்லாத பள்ளிச் சுவர் தமிழ்நாட்டில் குறைவு. "கனவு காணுங்கள்" என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக் கடலில் விழுந்ததையும், அடுத்த ஆண்டு ஜூலையில் அதே குழு அதைச் சரியாக ஏவியதையும் எத்தனை வகுப்பறைகளில் விரிவாகச் சொல்கிறோம்? கணக்கில் தோற்ற பிள்ளைக்கு உதவக்கூடியது அந்த பதினொரு மாதக் கதை.

## இதிலிருந்து செய்யக்கூடியவை

1. பள்ளி விழாவுக்குப் பிரபலத்தை அழைப்பதைவிட, அதே பள்ளியில் படித்து இப்போது செவிலியராகவோ மின்வாரியப் பொறியாளராகவோ கல்லூரி மாணவியாகவோ இருப்பவரை ஆண்டுக்கு ஐந்தாறு முறை வரச் சொல்லலாம். கிட்டத்தில் இருப்பவர், திரும்பத் திரும்ப வருபவர் என்ற இரண்டும் பீர்பூமில் வேலை செய்தவை. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தின் நோக்கம் கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்டுவது. ஆனால் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள் என்பதால், படித்த அக்கா ஒருவர் மாலைதோறும் தெருவிலேயே பாடம் நடத்தும் காட்சி பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

2. வருகிறவர் தான் தோற்ற இடத்தைச் சொல்ல வேண்டும். கட்டணத்துக்கு என்ன செய்தார், அரியர் எப்படி முடித்தார், எந்த நேர்காணலில் நிராகரிக்கப்பட்டார் என்பதெல்லாம் சுயபுராணம் அல்ல, பிள்ளைக்குத் தேவையான தகவல்.

3. வீட்டில், யாரைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். பெண் அதிகாரியையும் வேறு சாதி ஆசிரியரையும் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லும் ஒரு கேலி, அந்த முன்மாதிரிக்குப் பிள்ளையின் கண்முன்னே விதிக்கும் தண்டனை.

4. பஞ்சாயத்தில் நாற்காலி யாருக்கு என்பது கல்விப் பிரச்சினையும்கூட. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கியது, சாசனம் கேட்டதைவிட அதிகம். அந்தப் பதவியில் இருப்பவரே கூட்டத்தை நடத்துகிறாரா, கணவரும் எழுத்தரும் பேச அவர் கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்பதை மாவட்ட நிர்வாகம் குடிநீர்ப் பணியைப்போலவே கண்காணிக்க வேண்டும்.

இந்த நான்காவது ஏற்பாட்டைப் பிள்ளைகள் பார்க்க வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு நாள்கள் அரசு விடுமுறை, பிள்ளைகள் ஊரில்தான் இருப்பார்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அங்கே அழைத்துப்போய் உட்காரவைக்கலாம். வரவு செலவு வாசிப்பதையும், தலைவரிடம் ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பதையும், அவர் பதில் சொல்வதையும் அவர்கள் பார்க்கட்டும். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், பெரியவர்களும் நாற்காலியைச் சரியான இடத்தில் போடுவார்கள்.